வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள்

ஆப்கானிஸ்தானில் நான் ஷாம்பு விற்றேன். பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்ப்பார்கள். சண்டை நடக்கிற இடத்தில் ஷாம்பு யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். சண்டைக்குப் போகிறவனுக்கும் தலை அரிக்கும்தானே. சோப்பு, ரேசர், காலுறை, டார்ச் பேட்டரி, வறுத்த வேர்க்கடலை, மெல்லுகிற புகையிலை டப்பா, முகம் துடைக்கிற ஈரத்தாள், பிள்ளைகளுக்கு அனுப்புகிற வாழ்த்து அட்டை, இதையெல்லாம் விற்க வெளிநாட்டு ராணுவ முகாமுக்குள்ளே ஒரு கடை இருந்தது. அந்தக் கடையில் சில வருஷங்கள் வேலை பார்த்தேன்.

என் ஊர் பழவேற்காட்டை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பம். நைனா கடலுக்குப் போனவர். நானும் ப்ளஸ் டூ முடித்துவிட்டு அவரோடு படகேறினேன். சுனாமியில் படகும் போச்சு, வலையும் போச்சு, ஆட்கள் பிழைத்தோம். நிவாரணத்தில் வந்த பைபர் போட்டில் நைனாவும் அண்ணனும் தொழிலைத் தொடர்ந்தார்கள். அதில் இன்னொரு குடும்பத்துக்குப் பிழைப்பு இல்லை. நான் சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்து சாமான் அடுக்கவும் பில் போடவும் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் துபாய் போனேன். அங்கேயும் அதே வேலைதான். ஒரு நாள் மேனேஜர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, ஆப்கானிஸ்தானில் முகாம் கடைக்கு ஆள் வேண்டும், சம்பளம் கூடுதல், விருப்பம் இருக்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் மனைவிக்கு போன் பண்ணினேன்.

"சண்டை நடக்கிற எடத்துல கடை இன்னாத்துக்கு?" என்று கேட்டாள்.

"அங்க இருக்கிறவங்களும் குளிக்கணும், பல்லு தேய்க்கணும் இல்ல?"

அதற்கு அவள் சொன்னாள்: "போவாதன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. எங்க இருக்கன்னு மட்டும் எனக்குத் தெரியணும். துபாய்ல இருக்கன்னு பொய் சொல்லாத. தெனம் ஒரு தபா பேசு."

அந்த ஒரு வார்த்தையை நான் கடைசிவரை காப்பாற்றினேன். என்னோடு வேலை பார்த்த பல பேர் வீட்டில் துபாய், கத்தார் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவர்கள் போனை எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டர் சத்தம் கேட்காத மூலை தேடி அலைவார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சத்தம் கேட்டால் என் மனைவியே, "இன்னிக்கு பெரிசா போவுது போல"ன்னு சொல்லிவிட்டு, வீட்டுக் கதையைத் தொடருவாள்.

முகாம் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேலே மண் நிரப்பிய தடுப்பு. உள்ளே கூடாரங்களும் கண்டெய்னர்களும் ப்ளைவுட்டில் அடித்த கட்டடங்களும். எங்கள் கடையும் ப்ளைவுட்தான். போன முதல் நாளே, லாரியில் வந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"எந்த ஊர்?"

அந்த இடத்தில் தமிழ் காதில் விழும் என்று நான் நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில், "பழவேற்காடுண்ணே. மெட்ராஸுக்கு வடக்கால"ன்னு சொன்னேன்.

"கடல் தொழிலோ?"

"ஆமாண்ணே, குடும்பமே."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப உங்கட ஆக்கள்தான் எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போறவை."

அவர் இலங்கைக்காரர். முல்லைத்தீவுப் பக்கம். அவருடைய குடும்பமும் கடல் தொழில்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிற டிராலர்கள் தங்கள் வலைகளைக் கிழித்துவிடுகின்றன என்று அவர்கள் ஊரில் பெரிய வருத்தம் உண்டு. எனக்கு வந்த சந்தோஷம் அப்படியே இறங்கிப்போனது.

"அண்ணே, எங்க போட்டு அவ்ளோ தூரம் வராது. எங்களுக்கு ஆந்திராதான் பக்கம். எங்க வலையையும் பெரிய டிராலருங்க கிழிச்சிட்டுத்தான் போவுது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சரி. அந்தப் பெட்டியில ஒரு பக்கம் பிடியும்."

அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. கடையை நடத்தியது நாங்கள் இரண்டு பேர்தான். மேனேஜர் எப்போதாவது பெரிய முகாமிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து போவார். அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். பேச்சு ஒன்றானாலும் சில சமயம் புரியாது. ஒரு நாள் காலையில், "தம்பி, கச்சான் முடிஞ்சுபோச்சு"ன்னு சொன்னார். எங்கள் ஊரில் கச்சான் என்றால் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று. நான் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாண்ணே, காத்து நின்னுடுச்சு"ன்னேன். அவர் வேர்க்கடலை இருந்த காலி ரேக்கைக் காட்டிச் சிரித்த சிரிப்பில் பில் போட நின்ற சிப்பாய்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அவர்கள் ஊரில் வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயராம்.

சிப்பாய்கள் சட்டையில் பெயர் தைத்திருக்கும். அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையாது, மனதிலும் நிற்காது. அதனால் வாங்குகிற சாமானை வைத்தே ஆளை ஞாபகம் வைத்துக்கொள்வோம். புகையிலை டப்பா என்று ஒருவன். பேட்டரி என்று ஒருவன், எத்தனை பேட்டரி வாங்கினாலும் அவனுக்குப் போதாது. வாழ்த்து அட்டை என்று ஒரு பெரிய உருவம், வாரா வாரம் வந்து, பூனை படம் போட்ட அட்டையாகப் பார்த்து மகளுக்கு வாங்குவார். நெயில் பாலிஷ் என்று ஒரு பெண், மருத்துவ உதவிப் பிரிவு. என்னைவிட உயரம். பூட்ஸுக்குள் மறைந்திருக்கிற கால் விரல்களுக்காகச் சிவப்பா நீலமா என்று வெகு நேரம் யோசிப்பாள். "யாருக்குத் தெரியப் போவுது?"ன்னு ஒரு நாள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "எனக்குத் தெரியுமே" என்றாள்.

ரோந்துக்குப் போகும் முன்னால் கடைக்கு வருவார்கள். திரும்பி வந்ததும் மறுபடி வருவார்கள். சில பேர் திரும்பி வந்து கடைப் பக்கம் வரமாட்டார்கள். ஒருவன் காரமான சோளச் சிப்ஸ் மட்டும் வாங்குவான். அவன் கடைசியாக வந்து கேட்டபோது ஸ்டாக் இல்லை, அடுத்த லாரியில் வந்ததும் ஒரு பாக்கெட்டை கவுன்ட்டருக்குக் கீழே எடுத்துவைத்தேன். அது அங்கேயே இருந்தது. ஒரு நாள் முகாமில் எல்லோரும் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று ஒரு பெட்டிக்கு சல்யூட் அடித்தார்கள். நாங்களும் கடையைச் சாத்திவிட்டுப் போய் நின்றோம். பெட்டியில் இருந்தது அவன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாக்கெட்டை நானும் விற்கவில்லை, அண்ணனும் எடுத்துப் போடச் சொல்லவில்லை.

ராக்கெட் வருகிறது என்றால் சைரன் அடிக்கும். இருக்கிற இடத்திலேயே குப்புறப் படுக்க வேண்டும், வெடித்த பிறகுதான் எழுந்து கான்கிரீட் பங்கருக்கு ஓட வேண்டும் என்பது விதி. வந்த வாரமே வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் சைரன் கேட்டதும் என் கால் கேட்காது. நான் ஓடுவேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் தரையில் படுத்துக்கொண்டு என்னைத் திட்டுவார்.

"ஏன் ஓடிறாய் தம்பி?"

"தெரிலண்ணே. சுனாமி அன்னிக்கு ஓடினேன், பொழச்சேன். அதுலேர்ந்து சத்தம் கேட்டா கால் தானா கெளம்புது."

அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சுனாமிக்கு நானும் ஓடினனான். தண்ணி வந்தா ஓடோணும், அது சரி. ஷெல் வந்தா விழுந்து படுக்கோணும். நாங்கள் சின்னனில இருந்து ரெண்டையும் பழகினாக்கள். உனக்கு ஒண்டுதான் தெரியும்."

அவர் சின்ன வயதிலிருந்தே ஷெல் அடிக்கு நடுவில் வளர்ந்தவர். அதைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அது ஒரு மத்தியானம். வெயிலுக்குக் கடையில் கூட்டம் இல்லை. நெயில் பாலிஷ் மட்டும் ரேக் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் ஏணியில் ஏறி மேல் தட்டில் ஷாம்பு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கவுன்ட்டரில் இருந்தேன். சைரன் அடித்தது. அவர் ஏணியிலிருந்து குதித்துத் தரையில் படுத்தார். அந்தப் பெண்ணும் படுத்துவிட்டாள். நான் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு கதவைப் பார்த்து ஓடினேன்.

"விழு! விழுந்து படு!" என்று ஒரு சத்தம். அதோடு என் கணுக்காலை ஒரு கை பிடித்து இழுத்தது. மடேரென்று முகம் அடிபட விழுந்தேன். விழுந்த அதே நொடியில் வெளியே வெடித்தது. காது அடைத்துப்போனது. ப்ளைவுட் சுவரைத் துளைத்துக்கொண்டு என் தலைக்கு மேலே என்னென்னவோ பறந்தது. கதவு இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் இருந்தது. நான் ஓடியிருந்தால் அந்த நேரத்துக்கு அந்தக் கதவில்தான் இருந்திருப்பேன்.

ரேக்கிலிருந்த ஷாம்பு பாட்டில்கள் உடைந்து எங்கள் மேல் கொட்டிக்கொண்டிருந்தன. ஆப்பிள் வாசனை. என் கணுக்காலைப் பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை. திரும்பிப் பார்த்தேன். என்னைப் பிடிப்பதற்காக அண்ணன் ரேக்கின் மறைவை விட்டு வெளியே நீண்டு படுத்திருந்தார். அவருடைய தொடையிலிருந்து ரத்தம் ஷாம்பு நுரையோடு கலந்து ஓடியது.

"அண்ணே"ன்னு கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அதற்குள் அந்தப் பெண் முழங்காலில் தவழ்ந்து வந்துவிட்டாள். தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து அவர் தொடைக்கு மேலே சுற்றி முறுக்கினாள். ரேக்கில் அடுக்கியிருந்த டி-ஷர்ட்டுகளைக் காட்டினாள். நான் கட்டோடு இழுத்துக் கொடுத்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக் காயத்தின் மேல் வைத்து, எடுக்காதே என்று சைகை காட்டினாள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அண்ணன் கண் திறந்திருந்தது. என் காது கொஞ்சம் திறந்தபோது முதலில் கேட்டது அவருடைய குரல்தான்.

"நீ காயப்பட்டனியோ?"

"இல்லண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் அழுறாய்?"

ஸ்ட்ரெச்சரில் முகாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி என்றால் அதுவும் கூடாரம்தான். நிறைய ரத்தம் போய்விட்டது, ரத்தம் வேண்டும் என்றார்கள். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். என் ரத்தம் அவருக்குச் சேராது என்று நர்ஸ் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டுக் கூடாரத்துக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அந்த ஊரில் என்னைவிட்டால் யாரும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒலிபெருக்கியில் ரத்த வகையைச் சொல்லி அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடாரத்துக்கு முன்னால் ஒரு வரிசை சேர ஆரம்பித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். புகையிலை டப்பா நின்றான். அவனுக்குப் பின்னால் பேட்டரி. பூனை அட்டை வாங்குகிற அந்தப் பெரிய உருவம். ஈரத்தாள் வாங்குகிற ஒருவன். முந்தின நாள் காலுறை மாற்ற வந்து என்னோடு சண்டை போட்டவன். ரோந்து முடித்து அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிய நாலைந்து பேர், முகத்தில் புழுதி அப்படியே இருக்க, துப்பாக்கியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். வரிசை கூடாரத்தைச் சுற்றி வளைந்து போனது. அத்தனை பேரும் எங்கள் வாடிக்கைக்காரர்கள். ஒருவருக்கும் அண்ணனுடைய பெயர் தெரியாது. எங்களுக்கும் அவர்கள் பெயர் தெரியாது.

பூனை அட்டைக்காரர் என் பக்கத்தில் குனிந்து, "உன் அண்ணனா?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே பாஷை பேசுவதால் முகாமில் பாதிப் பேர் எங்களை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தார்கள். அவர் வேறு நாடு, நான் வேறு நாடு என்று முன்பெல்லாம் விளக்கிச் சொல்லுவேன்.

"ஆமாம், என் அண்ணன்" என்றேன்.

எல்லோருடைய ரத்தமும் தேவைப்படவில்லை. தேவைப்படாதவர்களும் போகாமல் நின்றார்கள். டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஆபத்து இல்லை, காலும் தப்பும் என்று சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். நான் ஒவ்வொருவனிடமும் போய் தேங்க்யூ, தேங்க்யூ என்றேன். புகையிலை டப்பா என் தோளைத் தட்டி, "நாளைக்குக் கடை உண்டா?" என்று கேட்டான்.

மறுநாள் கடை உண்டு. ஆனால் நான் கதவைத் திறக்கப் போனபோது திறக்கக் கதவே இல்லை. உள்ளே ஏற்கெனவே சில பேர் துடைப்பத்தோடு நின்றார்கள். நெயில் பாலிஷ் ஷாம்பு நுரையை வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற நுரை பெருகியது. அவளிடம் போய் என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். இங்கிலீஷ் போதவில்லை. அவளே சொன்னாள்: "அவருக்குக் கால் இருக்கிறது. இன்று காலையில் டீ கேட்டார், நன்றாக இல்லை என்று திட்டினார்." உடையாமல் தப்பிய நெயில் பாலிஷ் பாட்டில்களை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அவளிடம் நீட்டினேன். சிவப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அன்று மனைவிக்கு போன் பண்ணி நடந்ததை எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "அவரு வீட்டுக்கு யாரு சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"கம்பெனி சொல்லும்."

"கம்பெனி சொன்னா அந்தம்மாக்கு இன்னா புரியும்? நம்பர் குடு, நான் பேசறேன்."

அவர் மனைவியோடு இவள் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து இவளிடம் சொல்ல, இவள் அங்கே சொல்ல, அந்த அம்மா சொன்னதை இவள் எனக்குச் சொல்ல, நான் போய் அண்ணனிடம் சொல்லுவேன். கொஞ்ச நாளில் செய்தி சொல்லி முடித்த பிறகும் அவர்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை. நண்டுக் குழம்புக்கு அங்கே என்ன போடுவார்கள், பிள்ளை படிக்கிறதா, மழை பெய்ததா என்று போய்க்கொண்டே இருந்தது.

அண்ணனை ஊருக்கு அனுப்பினார்கள். ஹெலிகாப்டர் ஏற்றும் இடத்தில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டு, "இனி சைரன் அடிச்சா என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"படுப்பேண்ணே."

"படுத்துக் காட்டு."

அத்தனை பேர் முன்னால் அந்தப் புழுதியில் குப்புறப் படுத்துக் காட்டினேன். அவருக்குத் திருப்தி. அதற்குப் பிறகு அந்த முகாம் மூடுகிறவரைக்கும் நான் ஒரு தடவைகூட ஓடவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு பழவேற்காடு பஜாரில் ஒரு கடை போட்டேன். மளிகையோடு தூண்டில் முள், நைலான் கயிறு, டார்ச் எல்லாம் உண்டு. இப்போதும் பெயரைவிட வாங்குகிற சாமானை வைத்துத்தான் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அண்ணனும் அண்ணியும் சென்னைக்கு வந்தார்கள். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி வந்து இறங்கினார்கள். அவர் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். ஆனால் என் கையைப் பிடிக்க விடவில்லை. அதுவரை போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த இரண்டு பெண்களும் பிளாட்பாரத்திலேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தோணிரேவு படகுத்துறையிலிருந்து என் மச்சான் படகில் அண்ணனைப் பழவேற்காடு ஏரிக்குள் கூட்டிப்போனேன். தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "எங்கட களப்பும் இதே உப்புத்தான்" என்றார். கடலோடு சேர்ந்த இந்த மாதிரி ஏரியை அவர்கள் களப்பு என்பார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். முல்லைத்தீவு என்றதும் ஒருவர் தயங்கி, "உங்க நேவிதான் நம்ம ஆளுங்களப் புடிக்குது"ன்னார். நான் பயந்தேன். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலை விரலால் தடவி, "இது டிராலர் கிழிச்சதோ?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். அதற்கப்புறம் இரண்டு பேரும் டிராலர்களைத் திட்டித் தீர்த்தார்கள். நான் நடுவில் பேச இடமே கிடைக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் நண்டு, இறால், மடவை மீன். சாப்பிடும்போது என் மனைவி என் கணுக்காலைக் காட்டி, "இந்தக் காலைத்தானண்ணே இழுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஓம். நல்லா இழுத்தனான். மூக்கு உடைஞ்சிருக்கோணும்."

"ஒடைஞ்சிருந்தாலும் பரவால்ல. என் ஆளு சோறு துண்ணுறதை நான் பாக்குறேன்ல, தெனமும். அது நீங்க குடுத்தது" என்று சொல்லி, அவர் இலையில் இன்னொரு நண்டை வைத்தாள். அண்ணன் குனிந்துகொண்டு நண்டின் காலை உடைப்பதிலேயே இருந்தார். அண்ணிதான் பதில் சொன்னார்: "இவருக்கு இரத்தம் தந்த ஆக்களை நினைச்சு நான் ஒவ்வொரு வெள்ளியும் விளக்குக் கொளுத்திறனான். ஆர் எவர் எண்டு தெரியாது. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

எனக்கு அந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தப் போரைப் பற்றி, அது எதற்கு நடந்தது, யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாட்டு மக்கள் என்ன பட்டார்கள் என்பதில் தடுப்புச் சுவருக்கு உள்ளே இருந்த எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் ஒரு மத்தியானம் பெயர் தெரியாத இத்தனை பேர் ஒரு கடைக்காரனுக்காக வெயிலில் நின்றார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ரயில் ஏறும்போது அண்ணி என் மனைவியிடம், "அடுத்த முறை நீங்கள் வாங்கோ, வராட்டி நான் கதைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொல்லுகிறார் என்று நினைத்தேன். இவள் விடவில்லை. போன வாரம் அவளுக்கு முதல் பாஸ்போர்ட் வந்தது. அதில் இருக்கிற போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன் என்று சொல்லி யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறாள்.